மாப்பிள்ளைக்கு முன் சீட்டு

கவர்க்கல் தாண்டியதும் மூடுபனி வந்துவிட்டது. நான் உட்கார வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். நான் பின்னால், மகள் மிருதுளாவுக்குப் பக்கத்தில், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரின் பிடரியைப் பார்த்தபடி வருகிறேன். பிடரியில் என்ன தெரியும்? நேற்று முடி வெட்டிக்கொண்டு வந்த கோடு தெரிகிறது, அதன் மேல் பூசிய பவுடர் தெரிகிறது, சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம் என்று நானே இஸ்திரி போட்டுக் கொடுத்த காலர் தெரிகிறது. கண் எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிட்டது என்று பிடரியில் தெரியாது. பக்கத்தில் இருந்தால் தெரியும். இடது பக்கமிருந்து ஏதாவது வரும்போது அவர் முகம் அசையாமல் இருக்கும், அதுதான் எனக்கு அடையாளம். ஆனால் முன் சீட்டு மாப்பிள்ளைக்கு. அதை எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தை எல்லாம் நாம் மீறலாம், எழுதாத இதை மீற முடியாது. காலையில் நான் பழக்கதோஷத்தில் முன் கதவைத் திறந்துவிட்டேன். இவர் பார்த்த பார்வை இருக்கிறதே, தெரிகிற அந்த ஒரு கண்ணிலேயே அத்தனை கோபம். 'மாப்ளைய பின்னாடி உக்கார வெப்பியா?' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மாப்பிள்ளை கௌரிசங்கர் நல்ல பிள்ளை, 'அத்தை உக்காரட்டுங்க மாமா, நான் பின்னாடி வர்றேன்' என்றுகூடச் சொன்னார். யார் கேட்டது? அவர் தோளைப் பிடித்து முன் சீட்டில் அமுக்கி உட்கார வைத்தார் இவர், கதவையும் தானே சாத்தினார். அமுக்கியதோடு என் கண் இரண்டும் பின்னால் வந்துவிட்டன. இவருக்கு இடது கண் தெரியாது என்பது இந்த வண்டியில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தர் ஓட்டுகிறார், ஒருத்தி பின்னால் உட்கார்ந்து வயிறெரிகிறாள்.

கண் அழுத்தம் என்றார் கோயமுத்தூர் டாக்டர். இடது கண்ணில் பார்வை போனது போனதுதான், வலது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், இனிமேல் வண்டி ஓட்டாதீர்கள், மலையில் இருக்கிறோம் என்கிறீர்கள், மலைப்பாதையில் கூடவே கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பெண்டாட்டியிடம் சொன்னால் புருஷனுக்குக் கேட்கும் என்று நினைக்கிற டாக்டர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. வீட்டுக்கு வந்தபோது மிருதுளா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தூங்குகிற பிள்ளை தலையில் வைத்து, 'ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்றார். கல்யாணம் முடியட்டும், குருட்டு மாமனார் என்று பேர் வேண்டாம் என்றார். சரிதான் என்று எனக்கும் பட்டது. கல்யாணம் முடிந்தது. வளைகாப்பு முடியட்டும் என்றார். முடிந்தது. பிரசவம் நல்லபடியாக ஆகட்டும் என்றார். ஆயிற்று, பேத்தி பிறந்து என் மடியில் வாயைக் கோணிக்கொண்டு தூங்குகிறாள். குழந்தையைக் கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவோம், அப்புறம் சொல்லிவிடலாம் என்று இப்போது. இவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு விசேஷம் பாக்கி இருக்கிறது. ராத்திரி நான்தான் சொட்டு மருந்து விடுகிறேன். என்னம்மா அது என்று மிருதுளா கேட்டபோது தேயிலைத் தூசி கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். காலமெல்லாம் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்த மனுஷனுக்கு ஓய்வு பெற்ற பிறகு தேயிலைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம், அதையும் பிள்ளை நம்பினாள். வீட்டில் அப்பா அம்மா கண்ணைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இருந்தால்தானே சந்தேகம் வரும்.

வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தலைப்பிள்ளையை, முதல் பேத்தியை, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினால் உடுமலைச் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். வண்டி இல்லாதவனா நான் என்றார். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது, பைக்தான். இந்தக் காலத்தில் அப்படியும் ஒரு பிள்ளை. நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். மாப்பிள்ளை முன் சீட்டில் உட்கார்ந்திருக்க மாமியார் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்குவதா? அதற்குக் கார் உருண்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. இவர் கால் உடைந்து கிடந்த காலத்தில் பொள்ளாச்சியில் போய்ப் பழகி எடுத்தேன். மார்க்கெட்டுக்கு ஓட்டுவேன், ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவேன் என்பது மிருதுளாவுக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகும்போது இந்த மலைப்பாதையை ஒன்றரை வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன் என்பது தெரியாது. ஊருக்குள் தெரிந்த முகங்கள் இருக்கிற வரைக்கும் அவர் ஓட்டுவார். ஐயர்பாடி தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்ததும் ஓரமாக நிறுத்துவார், இடம் மாறிக்கொள்வோம். மலை இறங்கி ஆழியாறு செக்போஸ்ட் தெரிகிறதற்கு முன்னால் மறுபடி நிறுத்தி மறுபடி மாறிக்கொள்வோம். செக்போஸ்ட் கார்டு சல்யூட் அடித்து, 'சிகாமணி சார் வண்டின்னா தனி நிதானம்' என்பார். தெய்வசிகாமணி சார் கண்ணாடியை இறக்கிச் சிரிப்பார். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருப்பேன். இன்றைக்கு அந்த இடம் வந்தபோது வண்டி லேசாகத் தயங்கின மாதிரி இருந்தது, பழகின மாடு கொட்டகை வாசலில் நிற்குமே அப்படி. நிற்கவில்லை. போய்விட்டார்.

இப்போது எதிரே வெள்ளை. சாலையின் ஓரக் கல்லும் அதற்கு மேல் ஒரு சாண் கறுப்பும்தான் தெரிகிறது. அதில் தலை விளக்கைத் தூக்கிப் போட்டு வைத்திருக்கிறார், வெளிச்சம் பனியில் பட்டு நம் முகத்துக்கே திரும்பி வருகிறது. இறக்கிப் போட வேண்டும். இறக்கினால் தரை தெரியும், தரை தெரிந்தால் போதும், தூரம் எதற்கு இங்கே. அது போதாதென்று நான்கு மூலை விளக்கையும் சிமிட்ட விட்டிருக்கிறார். அது நின்று போன வண்டிக்குப் போடுவது. ஓடுகிற வண்டியில் போட்டால் பின்னால் வருகிறவனுக்கு நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று தெரியாது என்று டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இவர் எல்லாம் தெரிந்தே பிறந்தவர். ஏசியை அணைத்துவிட்டார், பெட்ரோல் மிச்சமாம். ஐந்து உயிர் மூச்சு விடுகிற வண்டியில் கண்ணாடி உள்ளே வியர்த்துப்போய் நிற்கிறது, மாப்பிள்ளை மஞ்சள் துணியை வைத்துத் துடைக்கிறார், துடைத்த இடத்தில் மறுபடி வியர்க்கிறது. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் நொடியில் போய்விடும். அதைச் சொன்னால் பெட்ரோல் பிரசங்கம் கேட்க வேண்டும். இறக்கம் வந்தால் நியூட்ரல், அதிலும் மிச்சம். கியரில் இருந்தால் எஞ்சினே பாதி வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் தலையில். கரகரவென்று சத்தம் கேட்கிறது, ஒரு கருகின வாசனை வருகிற மாதிரி இருக்கிறது, அல்லது என் பயம்தான் கருகுகிறதோ என்னவோ. நான் பெல்ட்டைத் தேடிப் பார்த்தேன். இல்லை. மாப்பிள்ளை வருகிறார் என்று போன வாரம் புது சீட் கவர் போட்டார், பின் சீட் பெல்ட் எல்லாம் கவருக்கு அடியில் போய்விட்டது. அழகாக இருக்கிறது, தையல் எல்லாம் நல்ல தையல். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன, கண்ணாடியில் விபூதிப் பட்டை இருக்கிறது. பேத்தியைப் பிடித்துக்கொள்ள என் இரண்டு கைதான் இருக்கிறது.

'ஏனுங்க, மேட்டுல வண்டி சத்தம் கேக்குதுங்க' என்றேன். எதுவும் கேட்கவில்லை, சும்மாதான் சொன்னேன், கியரைப் போடுவாரா என்று பார்க்க. 'ம்' என்றார். இந்த 'ம்' இருக்கிறதே, அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றரை வருஷமாக இருக்கிற பேச்சு. நான் சொல்வேன், அவர் 'ம்' என்பார். 'இந்த ஆட்டோக்காரனுகளுக்கு அறிவே கெடையாதுங்க' என்றால் இடது பக்கம் ஆட்டோ நுழைகிறது என்று அர்த்தம். 'பாவம் அந்தப் பொம்பள, நனஞ்சுட்டே நிக்குது' என்றால் ஓரத்தில் ஆள் இருக்கிறது. 'மாட்டைப் புடிச்சுக் கட்ட மாட்டானுக' என்றால் மாடு. வெறுமனே 'இடது' என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அவர்தான் சொன்னார், பேச்சோடு பேச்சாகச் சொல் என்றார். அப்படியே பழகிவிட்டேன். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் தன் புருஷனுக்கு இப்படிப் பாதையைப் படித்துக் காட்டியிருக்க மாட்டாள் என்று ஆரம்பத்தில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு. அவருக்கு நான் வேண்டியிருக்கிறது என்று. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு எதுவும் செய்யாத மனுஷன் நான் சொல்லச் சொல்ல 'ம்' என்கிறார் என்றால் அது எப்படி இருக்கும்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுசு கம்மி. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது பின் சீட்டில் இவர் தங்கச்சி இருந்தாள். அண்ணி வாய் ஓயவே ஓயாதா, அண்ணன் எப்படித்தான் ஓட்டுறாரோ என்று அவள் சிரித்தாள். நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'பரவால்ல, பேசிட்டு வரட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இந்த வண்டிக்கு ஹாரன் தேவையே இல்லை, உங்க அண்ணிதான் இருக்கறாளே' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் ஸ்கூட்டர் வந்தது. சொன்னேன். 'ம்' என்றார்.

அன்றிலிருந்து அது ஒரு பட்டம். அத்தைக்கு வாய்தான் பிரேக். அம்மா பக்கத்துல உக்காந்தா அப்பா எப்படித்தான் பொறுத்துக்கறாரோ. உறவுக்காரர்கள் வந்தால் அதை ஒரு முறை சொல்லிச் சிரிக்காமல் போக மாட்டார்கள், இவரே எடுத்துக் கொடுப்பார். என் பேச்சு எவ்வளவு கேலியாகிறதோ அவ்வளவுக்கு இவர் கண் மறைவாக இருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார். என்னைக் கிறுக்கியாக்கி அந்தக் கிறுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நானும் விட்டேன். இப்போது யோசித்தால் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. குழந்தை நெளிகிறாள். சின்ன உதடு, பால் காய்ந்த வாசனை. மிருதுளா பிறந்தபோது இவர் ஜீப்பில் இந்தப் பாதையில்தான் என்னைக் கொண்டுவந்தார், இதேபோலப் பனி, அன்றைக்கு இவருக்கு இரண்டு கண்ணும் இருந்தது, ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுவந்தார். அதையும் சொல்ல வேண்டும். நன்றாக ஓட்டியவர்தான். 'இந்த ரோட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்' என்று அப்போது எல்லாரிடமும் சொல்லுவார். காலையிலும் மாப்பிள்ளையிடம் அதையே சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார். நான் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன், மூடி கைநழுவித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

அட்டகட்டி தாண்டி வளைவுகள் ஆரம்பித்துவிட்டன. மழையும் பிடித்துக்கொண்டது. 'வரையாடு நிக்கும்ங்க இந்த எடத்துல, ஓரத்துல' என்றேன். 'ம்.' 'கல்லு சரிஞ்சு கெடக்குதுங்க பாருங்க, அந்தப் பக்கம்.' 'ம்.' 'கொடை புடிச்சுட்டு யாரோ...' என்று நான் ஆரம்பிக்கும்போது மிருதுளா, 'அம்மா, சித்த பேசாம வர்றியா? கொழந்தை முழிச்சுக்குவா' என்றாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். மரியாதையான பிள்ளை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். 'அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. பனியா இருக்குது, மாமாவுக்குக் கவனம் செதறுமில்லீங்களா' என்றார். நான் இவர் பிடரியைப் பார்த்தேன். சொல்லுங்கள், இப்போதாவது சொல்லுங்கள், பேசட்டும் மாப்ள, பழக்கமாயிருச்சு என்று சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம். 'அப்படிச் சொல்லுங்க மாப்ள' என்றார் இவர். 'நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். வசந்தி, வாய மூடிட்டு வா.' மாப்பிள்ளைக்கு முன்னால் என் பேரைச் சொல்லி, வாய மூடிட்டு வா. சரி என்று வாயை மூடினேன்.

மூடின வாய்க்குள் எல்லாம் ஓடுகிறது. இடது பக்கம் ஓடை, சொல்லவில்லை. இடது பக்கம் உடைந்த தடுப்புச் சுவர், சொல்லவில்லை, வண்டி அதை உரசுகிற மாதிரிப் போய் விலகியது. மாப்பிள்ளை ஒரு கையால் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார், பார்த்தேன். பயப்படட்டும். எனக்கு ஒன்றரை வருஷமாக இருக்கிற பயத்தில் ஒரு துளி அவருக்கும் போகட்டும். அப்புறம் அந்த வளைவு வந்தது, இடது பக்கம் திரும்பி இறங்குகிற வளைவு, கீழேயிருந்து ஏறுகிற வண்டி இடது பக்கமாகத்தான் முதலில் கண்ணில் படும். பனிக்குள் ஒரு மஞ்சள் கலங்கல் தெரிந்தது. பஸ். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும், இந்த மலையில் கைக்குழந்தைகூடச் சொல்லும். இவர் நிற்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. இவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை குனிந்து துணியைத் தேடிக்கொண்டிருந்தார், மிருதுளா போனில் இருந்தாள், இந்த வண்டியில் அந்த மஞ்சளைப் பார்த்தது நான் ஒருத்தி. வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வரவில்லை என்பது பொய். வாய மூடிட்டு வா என்றாயே, பட்டுப் பார் என்று ஒரு நினைப்பு உள்ளே எழுந்தது, அது என் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது, நான்தான் பிடித்துக்கொண்டேன், மடியில் பேத்தி இருக்கிறாள் என்று தெரிந்தே. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு இமை மூடித் திறக்கிற நேரம் இருக்கலாம். பிறகு 'பஸ்ஸு' என்று கத்தினேன்.

கால் முழுக்க அழுத்தினார். வண்டி நனைந்த சாலையில் வழுக்கிக்கொண்டு போய், முன் சக்கரம் ஓரச் சாக்கடையில் இறங்கி, மலைச் சுவரை இடிக்காமல் நின்றது. பஸ் எங்கள் வலது பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார், திட்டவில்லை, 'பெரியவரே, ஏறுற வண்டி கண்ணுக்குத் தெரியலீங்களா?' என்று மட்டும் கேட்டுவிட்டு, மெதுவாக உரசாமல் ஏற்றிக்கொண்டு போனார். குழந்தை அலறுகிறாள். நான் அவள் தலையைத் தடவிப் பார்க்கிறேன், கையை, காலை, மறுபடி தலையை. ஒன்றுமில்லை. கம்பளிக் குல்லா மட்டும் கழன்று முன் சீட்டுக்கு அடியில் போய் விழுந்திருக்கிறது. மிருதுளா, சாமி சாமி என்கிறாள். இவர் கியரைப் பின்னுக்குப் போட்டு வண்டியைச் சாக்கடையிலிருந்து மேலே எடுத்துவிட்டார், அதெல்லாம் கை தன்னால் செய்கிறது. 'பனிக்குள்ள வந்துட்டான் பாருங்க மாப்ள, ஹாரன் அடிக்க வேண்டாமா' என்றார். அதற்குள் சிரிப்பையும் கொண்டுவந்துவிட்டார். நான் பயந்துவிட்டேன். இவரைப் பார்த்து அல்ல. நான் சத்தத்தைப் பிடித்து வைத்த அந்த நேரத்தைப் பார்த்து. இனி அடுத்த வளைவில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றின பிறகு சத்தியமாவது ஒன்றாவது.

'அவருக்கு எடது கண்ணு தெரியாது' என்றேன்.

மழை கூரையில் கொட்டுகிறது. நான் மறுபடி சொன்னேன், டாக்டர் சொன்னார், ஒன்றரை வருஷமாயிற்று, ஓட்டவே கூடாது என்றார், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி ஓட்ட வைத்தேன் என்றேன். இவர் மாப்பிள்ளை பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தார். முழுத் தலையையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும் அவர், அதையாவது இவர்கள் கவனித்திருக்கலாம். 'பாத்தீங்களா மாப்ள, வாய மூடச் சொன்னதுக்கு என்ன பழி போடறான்னு' என்றார். மாப்பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மிருதுளா என் பக்கம் திரும்பினாள், அழுதுகொண்டே, 'ஏம்மா அப்பாவ இப்படி அசிங்கப்படுத்தற? அவரு மேல கோவம்னா வீட்ல போய்ப் பேசு' என்றாள். என் மகள். இவள் தலையில் கை வைத்துத்தான் வாயை அடைத்துக்கொண்டேன். என் வார்த்தைக்கு இந்த வண்டியில் விலையே இல்லாமல் போய்விட்டிருக்கிறது. ஒன்றரை வருஷமாக இவர்கள் சிரித்த சிரிப்பெல்லாம் சேர்ந்து இப்போது எதிரே வந்து நிற்கிறது. உண்மையைச் சொன்னாலும் வாயாடி சொன்ன உண்மைதான். இவர் நேராகத் திரும்பி உட்கார்ந்து கியரில் கை வைத்தார். போகப் போகிறார். அப்போதுதான் மாப்பிள்ளை குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் குல்லாவை எடுத்தார், சிவப்புக் குல்லா, மிருதுளா கர்ப்பமாக இருந்தபோது நான் பின்னியது.

'ஏனுங்க' என்றேன். 'தலையத் திருப்பாம, ரோட்டப் பாத்துட்டே சொல்லுங்க. மாப்பிள்ளை கையில என்ன இருக்குது?'

இவர் கை கியரிலேயே நின்றது. மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. மெல்லக் குல்லாவைத் தூக்கினார், இவர் முகத்துக்குப் பக்கவாட்டில், நான் பார்க்கிற மாதிரி, மிருதுளா பார்க்கிற மாதிரி. ஒரு தரம் ஆட்டினார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் ஆட்டினார். சிவப்பு, கண் கூசுகிற சிவப்பு. வைப்பர் போய்ப் போய் வருகிறது. இவர் நேராகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் அவர் சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது, கோபித்துக்கொண்டு, கத்தி, எப்படியாவது. ஆனால் அவருக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் தோற்றுப் பழக்கமில்லை.

'போனுதான்' என்றார். 'வேற என்ன இருக்கும், இந்தக் காலத்துப் பசங்க கையில.' சொல்லிவிட்டுச் சிரித்தார், தனியாக.

குல்லா அப்படியே மேலே நின்றது. மிருதுளா வாயில் கையை வைத்துக்கொண்டாள். குழந்தை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் கூடச் சிரிக்கவில்லை என்பது இவருக்கு எட்டுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காது நன்றாகக் கேட்கும் இவருக்கு. கேட்டது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார். நான் குழந்தையை மிருதுளா மடியில் போட்டுவிட்டு இந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன். இஸ்திரி போட்ட காலர் நனைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றோம். என்னைவிட ஒரு சாண் உயரம், இன்றைக்கு அப்படித் தெரியவில்லை. சாவியை என் கையில் கொடுத்தார். 'புள்ள தலை மேல சத்தியம் பண்ணுனியே' என்றார். அந்தப் பிள்ளையும், அது பெற்ற பிள்ளையும் இந்த வண்டிக்குள்தான் இருக்கின்றன என்று சொல்லலாம். சொல்லவில்லை. ஆமாம், பண்ணினேன்.

மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்தார், 'மாமா, நீங்க முன்னாடி உக்காருங்க, நான் பின்னாடி வர்றேன்' என்றார். 'அது உங்க சீட்டுங்க மாப்ள' என்றார் இவர். கண் போனது தெரிந்துவிட்டது, மானம் போய்விட்டது, முன் சீட்டு மட்டும் யாருக்கு என்பதில் மாற்றமில்லை. என் இடத்தில் போய், நான் உட்கார்ந்த சூட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டேன். ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டேன், வெள்ளை கரைந்து சாலை வந்தது. விளக்கை இறக்கினேன். நான்கு மூலையிலும் சிமிட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். இரண்டாவது கியர். கால் பிரேக்கின் மேல் சும்மா இருந்தது, எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். ஒரு ஜீப் ஏறியது, நின்று வழி விட்டேன். மாப்பிள்ளை குல்லாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பாராட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும், நல்லவேளை அந்தத் தப்பைச் செய்யவில்லை. சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை. ஒரு மனுஷனைப் பேத்தியின் குல்லாவை வைத்துத் தோற்கடித்திருக்கிறேன். செய்திருக்காவிட்டால் என்று நினைக்கும்போது கை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். தெரிகிற கண்ணை ஜன்னல் பக்கம் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். மிருதுளா அவர் தோளைத் தொட்டாள். தோளை விலக்கிக்கொண்டார்.

பனி கொஞ்சம் விலகிவிட்டது. கீழே ஆழியாறு அணை ஒரு துண்டு தெரிந்து மறைந்தது. செக்போஸ்ட் வரும், கார்டு எட்டிப் பார்ப்பார், சிகாமணி சாரைப் பின் சீட்டில் பார்த்து என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே திருப்பினேன். ஓரத்தில் ஒரு பெண் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்தது, வண்டியை விலக்கியும்விட்டேன், ஆனால் வாய்க்கு அது தெரியவில்லை.

'பாவம் அந்தப் பொம்பள, நனஞ்சுட்டே நிக்குதுங்க' என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மிருதுளா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. காது பின்னால் அவர் பக்கம் போய் நின்றது, ஒன்றரை வருஷமாக அப்படி நின்று பழகினது. அடுத்த வளைவு வரைக்கும் காத்திருந்தேன். 'ம்' வரவில்லை.